கன்னத்தில் ஒரு கராம்பு

போன கிழமைக்கு முந்தின கிழமை, வியாழன் காலை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் அதிசயம் பார்த்தேன்.

வெளிநோயாளர் வரிசை வாசலைக் கடந்து, வேப்பமரத்தைக் கடந்து, சைக்கிள் விடும் இடம் வரை நீண்டிருந்தது. முக்கால்வாசிப் பேர் வந்ததே இருமலுக்கு மருந்தெடுக்கத்தான். ஆனால், ஒருவர்கூட இருமவில்லை.

முகமெல்லாம் சிவந்திருந்தது. கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு முன்னால் நின்ற மீன்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் குலுங்கினார்... சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. அவரிடமிருந்து கராம்பு வாசம் வந்தது. அவரிடமிருந்து மட்டுமா? புரியாணிச் சட்டி திறந்த வீடு மாதிரி வரிசை முழுக்க அதே வாசம்தான்.

என் கன்னத்திலும் ஒன்று இருந்தது. ஐந்தாவது கிழமையாக.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கராம்பைக் கடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் தொண்டை கொஞ்சம் மரத்துப்போகும். இருமல் வராது. வந்தாலும் விழுங்கிவிடலாம். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரை பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்கள் – பாதிப் பேரின் கன்னம் லேசாக வீங்கியிருக்கும்.

"உங்களுக்கு எத்தின நாளா டீச்சர்?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டார்.

"அஞ்சு கிழமை."

"எனக்கு ரெண்டு மாசம். கொரோனாக்குப் பொறகு எந்த நோய் வருத்தமும் லேசுல போகுதில்ல. எல்லாம் அந்த ஊசிதான்."

மீன்காரர் திரும்பினார். "நான் ஊசியே போடல்ல. எனக்கு மூணு மாசமா இரிக்கி."

"அப்ப உங்கட ஊட்டுல உள்ளவங்க போட்டிருப்பாங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், பொஞ்சாதி போட்ட" என்றார். விஷயம் முடிந்துவிட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. எதைத்தான் நாங்கள் குற்றம் சொல்லவில்லை? ஊசி, ஃபோன் டவர், வெளிநாட்டு அரிசி, உப்புக்காற்று... ஒரு காலத்தில் நான்கு நாளில் போன சளி, தடிமன் இப்போது நாற்பது நாள் குந்திக்கொண்டிருக்கிறதே என்று ஊரே புலம்புகிறது. சரி, நான் ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் எப்போது ஒழுங்காக வருத்தக்காரராக இருந்தீர்கள்? மூன்று நாள் பாயில் படுத்து, மல்லித்தண்ணி குடித்து, யாரையும் பார்க்கப் போகாமல்?

எங்கள் பாடசாலையையே எடுத்துக்கொள்வோம். வருடக் கடைசியில் முழு வரவுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளை மேடைக்கு வரும், நாங்கள் கைதட்டுவோம். போன தவணையில் எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். தொட்டுப் பார்த்தால் நெற்றி கொதிக்கிறது. வீட்டுக்குப் போ என்றேன். "வேணாம் டீச்சர், சான்றிதழ் போயிரும்" என்று அழுதாள். அடுத்த கிழமை அந்த வகுப்பில் பாதிக் கதிரைகள் காலி. அந்தப் பிள்ளைக்கு மேடையில் சான்றிதழைக் கொடுத்தது யார் தெரியுமா? இந்தப் பத்தியை எழுதுகிறவள்தான்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஓய்வு எடு என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்கு அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். அவர்கள் கராம்பு போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளமும் மருத்துவ லீவும் உள்ள எனக்கு என்ன வந்தது?

இந்தக் கராம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் அம்புலன்ஸ் வந்தது. வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். ஆனால், அந்த வருத்தத்தில் மௌத்தானவர்களை மார்க்கப்படி அடக்க விடாமல், சட்டம் போட்டு எரித்தார்களே... எங்கள் சனம் வைரஸுக்குப் பயப்பட்டதைவிட, மண் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் பயந்தது. அந்தப் பயத்தில் இருமலை விழுங்கினோம். காய்ச்சலை ஒளித்தோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தலையணையில் முகத்தைப் புதைத்து இருமிய வீடுகள் எனக்குத் தெரியும். அப்போது யாரையும் நான் குறை சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சட்டம் போய்விட்டது. பயமும் மெதுவாகப் போய்விட்டது. கராம்பு மட்டும் கன்னத்தைவிட்டு இறங்கவில்லை. கொரோனா எங்களுக்குக் கைகழுவப் பழக்கியது என்கிறார்கள் – அதெல்லாம் ஆறே மாதத்தில் மறந்துபோனது. இருமலை ஒளிக்கப் பழகியதுதான் மிச்சம்.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. டொக்டர் சிலாபப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. முப்பது வயதிருக்கும். எங்கள் ஊருக்கு வந்து தமிழைத் தண்ணீர்பட்ட பாடாக்கிக்கொண்டவர். என் வாயைப் பார்த்தார்.

"டீச்சர், வாயில என்ன?"

"கராம்பு."

"துப்புங்க."

குப்பைக் கூடையில் துப்பினேன். ஐந்து கிழமையாக அடைத்து வைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டார். பார்மசியில் ரெண்டு நிறக் குளிசை வாங்கி மூன்று நாள் போட்டேன், மிச்சம் அலுமாரியில் இருக்கிறது, யாருக்காவது வந்தால் கொடுக்கலாம் என்று... சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"உங்கட பிள்ளைகள் பரீட்சையில பாதி எழுதிட்டு எழும்பிப் போனா என்ன செய்வீங்க?"

பேச்சை மாற்றினேன். கொரோனாவுக்குப் பிறகுதான் இப்படி வருத்தம் நீளுகிறதா என்று கேட்டேன்.

"சிலருக்கு ஓம். கொரோனா வந்த பிறகு நெஞ்சு சரியாகாத ஆட்கள் இருக்காங்க, நான் இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனா தடிமன் வந்தா இருமல் மூணு கிழமை இருக்கிறது பழைய கதை. முந்தி நாங்க எண்ணல்ல, இப்ப எண்ணுறம். உங்களுக்கு இருக்கிறது ஒரு இருமல் இல்ல டீச்சர். ஒண்டு சுகமாக முதல் அடுத்ததை வாங்கி இருக்கிறீங்க. இந்த அஞ்சு கிழமையில எங்க எங்க போனீங்க?"

சொன்னேன். முதல் கிழமை பாடசாலை. இரண்டாம் கிழமை, காய்ச்சலாகக் கிடந்த பக்கத்து வீட்டு மாமியை நோய் விசாரிக்கப் போனேன். நோய் விசாரிப்பது எங்களுக்கு நன்மையான காரியம். அந்தச் சின்ன அறையில் பதினொரு பேர் இருந்தோம், யன்னல் சாத்தியிருந்தது. மூன்றாம் கிழமை மௌத்தான ஒருவரின் மையித்து வீடு. பிறகு பாடசாலைக் கூட்டம். பிறகு... போன வெள்ளிக்கிழமை என் உடன்பிறந்த மூத்தவள், ராத்தா வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனேன்.

"எத்தினை நாள் பிள்ளை?"

"இருபத்திரண்டு நாள்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "இப்ப எப்படி?"

"செவ்வாய்க்கிழமையிலிருந்து வார்டில" என்றேன். "மூச்சு இழுக்க ஏலாமல்..."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். ராத்தாவின் மகள் ரிஃபானா தலைப்பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. நான் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். அதுவரைக்கும் எனக்குப் புத்தி இருந்தது. வாசலில் ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, எங்கட ஊட்டுலயா கொரோனா இரிக்கி?"

உள்ளே எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். யாரும் மாஸ்க் போடவில்லை. எங்கள் ஊரில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டைச் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். கழற்றிப் பைக்குள் போட்டேன். அதே பைக்குள்ளிருந்து ஒரு கராம்பை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தவள் எதற்குக் கராம்பு தேடுகிறாள்?

பிள்ளையைக் கையில் தந்தார்கள். கண்ணூறு படக் கூடாது, ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்து, மனதாரக் குர்ஆனின் குல் சூறாக்களை ஓதினேன். ஓதி, எங்கள் வழக்கப்படி, அந்தச் சின்ன முகத்தில் ஊதினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பிள்ளை கண்ணைச் சிமிட்டியது. எல்லோரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் குழாய். அன்று பின்னேரம் குடும்ப வட்ஸ்அப்பில் ரிஃபானா கேட்டாள்: "பிள்ள பாக்க வந்த ஆருக்காச்சும் இருமல் இருந்திச்சா? டொக்டர் கேக்குறாங்க."

வரிசையாகப் பதில்கள் வந்தன. எங்களுக்கு ஒண்டும் இல்ல மகள். அல்ஹம்துலில்லாஹ், நாங்க நல்லா இரிக்கம். துஆ செய்றம். கையேந்தும் படங்கள் வேறு. பிள்ளை பார்க்க வந்த ஒருவருக்குமே இருமல் இல்லையாம்! அத்தனை பேரும் சுகதேகிகள்.

நானும் கையேந்தும் படம் ஒன்றை அனுப்பினேன்.

வியாழக்கிழமை டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஊர் முழுவதையும் திட்டி இந்தக் கிழமைப் பத்தியை எழுதிவிட எனக்குப் பத்து நிமிடம் போதும். அந்தக் கோபம் உண்மையானதுதான். ஆனால் ஊரைத் திட்டுவதற்கு முதல், ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மாஸ்க் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாய்மாரைத் தவிர வேறு யாரையும் வார்டுக்குள் விட மாட்டார்கள். வீட்டிலிருந்து வந்த சுடுதண்ணிப் போத்தலை வாங்க ரிஃபானா விறாந்தைக்கு வந்தாள். மூன்று நாளாகத் தலை வாராத கோலம். எட்டி நின்று சொன்னேன்.

"மகள், எனக்கு இருமல் இருந்திச்சி. தெரிஞ்சிதான் வந்தன். குரூப்பில பொய் சொன்னன்."

என்னைப் பார்த்தாள். போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

மற்ற எட்டுப் பத்துப் பேரில் யாருடைய இருமல் அது என்று யாருக்குத் தெரியும், உன்னுடையதாக இல்லாமலும் இருக்கலாமே என்று வீட்டில் இவர் ஆறுதல் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி ஒவ்வொருவரும் நானில்லை, நானில்லை என்று ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குள் சளியைக் கொண்டுபோய் வைத்தது யார்? ஜின்களா? சாதாரண வருத்தங்கள் ஏன் நீளுகின்றன என்று மேடை போட்டுப் பேசுகிறோம். கையிலிருந்து கைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்படி முடியும்? சுற்றி முடித்து அது மறுபடி கொடுத்தவரிடமே வந்து சேர்கிறது. நாங்கள் அதற்கு ஊசியின் பெயரை வைக்கிறோம்.

நான் மருத்துவ லீவு போட்டேன். இருபத்தெட்டு வருட வேலையில் தடிமனுக்காக எடுத்த முதல் லீவு. அலுமாரியிலிருந்த குளிசைகளைப் பார்மசியிலேயே திருப்பிக் கொடுத்தேன். டொக்டர் சொன்னபடி படுத்துக் கிடந்தேன். நோய் விசாரிக்க வந்தவர்களை யன்னல் வழியாகவே திருப்பி அனுப்பினேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். கோபம் ஆறிவிடும், பரவாயில்லை.

ஒன்பது நாளில் இருமல் நின்றது. ஐந்து கிழமை இழுத்தது, ஒன்பது நாளில்.

நேற்று முன்தினம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. ராத்தா ஃபோன் எடுத்து, வா என்றாள். ரிஃபானா கூப்பிட்டாளா என்று கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

போனேன். கேற்றடியில் ஒரு கதிரை போட்டு ராத்தா உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள் – அதே ராத்தாதான். பிள்ளை பார்க்க வந்த இரண்டு பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். என்னைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"வாயைத் தொற."

"சுகமாயிட்டு ராத்தா."

"தொற எண்டு சொன்னன்."

ஐம்பத்து மூன்று வயதில், நடுத்தெருவில் நின்று, மாஸ்க்கை இறக்கி என் ராத்தாவுக்கு வாயைத் திறந்து காட்டினேன். இரண்டு கன்னத்தையும் பார்த்தாள். கராம்பு இல்லை. முற்றம் வரைக்கும் விட்டாள்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் ரிஃபானா பிள்ளையோடு நின்றாள். அவள் முகம் இன்னும் இளகவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. போர்வையைப் பிள்ளையின் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு பிள்ளையை யன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள்.

"உள்ளுக்கு வர வேணாம் சாச்சி. அங்க நிண்டே ஓதுங்க."

மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு, முற்றத்து வெயிலில் நின்று ஓதினேன்.

ஊதவில்லை.