ஜமீலா அக்கா தனியாகப் போன நாள்

காபித்தூள் பாக்கெட் போடுவதற்கான கவர்களைச் சேலத்தில் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், அடிவாரத்தில் பஸ் நின்றுவிட்டது. மேலே ஒரு வளைவில் லாரி பழுதாகி நிற்கிறது, ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கண்டக்டர் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்போதுதான் ஜமீலா அக்காவின் மகள் ஷாஹிதா அழைத்தாள். "மாமா, அம்மா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருவீங்கல்ல?" என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். பஸ் ஏற்காட்டுக்குள் நுழைந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கவர் மூட்டையைக் கீழே வைக்கத் தோன்றாமல் மழைத் தூறலில் நின்றேன். பதினாறு வருடம் பக்கத்துக் கடைக்காரனாக இருந்தவன், கடைசி நாளிலும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நம் பஜார்க் கடைக்காரர்களே, உங்களில் ஜமீலா அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. மிளகும் கிராம்பும் தைலமும் விற்ற கடை. கணவர் காதர் பாய் இருந்தவரை அக்கா கல்லாவில் உட்கார்ந்ததில்லை. பாய் இறந்து, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள் முடிந்த பிறகுதான் அவர் கடைக்கு வந்தார். கடையின் ஜிஎஸ்டி பதிவு இறந்தவர் பெயரிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்கத் தேவையான ஓடிபி எந்தப் போனுக்குப் போகிறது என்றுகூட அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அது சேலத்தில் ஒருவருடைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஐந்து கடைக்கும் கணக்குப் பார்த்தவர். ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆடிட்டர் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. எல்லோருடைய பதிவிலும் தன் நம்பரையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்து வைத்திருந்தார். எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. அக்காவுக்குத்தான் முதலில் உறுத்தியது. "என் கடைக்குள்ள நான் போறதுக்கு அவருகிட்டச் சாவி கேக்கோணுமா தம்பி?" என்றார்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பழைய பதிவை முடித்து, தன் பெயரில் புதிதாக எடுக்க அவர் எத்தனை முறை சேலத்துக்கு பஸ் ஏறினார் என்று நான் எண்ணவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பில் போடப் பழகினார். முதல் மாதம் மிளகுக்குப் போட வேண்டிய வரிக் குறியீட்டைத் தைலத்துக்குப் போட்டுவிட்டார். யாரும் கண்டுபிடிக்கும் முன்னால் தானே அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். எதற்கக்கா இந்த வேலை என்று கேட்டேன். "தப்புன்னு தெரிஞ்சதுக்கப்புறம் ஊட்ல நிம்மதியா உக்கார முடியலீங்க" என்றார்.

மறு வருடம் என் முறை வந்தது. எங்களிடம் காபித்தூள் வாங்கும் விடுதியிலிருந்து மேனேஜர் அழைத்து, "உங்க ஜிஎஸ்டி நம்பர் கேன்சல்னு காட்டுதுங்க, இனிமே உங்ககிட்ட வாங்க முடியாது" என்றார். நான் நம்பவில்லை. அக்கா தன் போனில் என் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினொரு மாதமாக என் கணக்கு எதுவும் தாக்கல் ஆகவில்லை. மாதா மாதம் கூலியும், கட்டச் சொல்லிக் கொடுத்த வரியும் அந்த ஆளிடமே தங்கிவிட்டன. வந்த நோட்டீஸ்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலுக்கே போயிருந்தன. கடையை மூடிவிட்டு எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை கேட்டுப் போகலாம் என்றுகூட நினைத்தேன்.

அக்கா என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய், மனு கொடுத்து, பதிவில் என் போன் நம்பரை மாற்ற வைத்தார். பிறகு ஒன்பது நாள், மதியத்தில் கூட்டம் குறைந்ததும் அவர் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். வெளியே மழை விடாமல் பெய்தது, கரண்ட் வந்து வந்து போனது. சாக்கில் கிடந்த பில்களை நானே ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும் என்றார். எனக்கு ஒரு விரல்தான் ஓடும். நீங்களே அடித்துக் கொடுங்களேன் என்று ஒருநாள் கெஞ்சினேன். "நான் அடிச்சுக் குடுத்துட்டா, நாளைக்கு நானும் அந்தாளும் ஒண்ணுதானுங்களே" என்றார். தாமதக் கட்டணத்தைக் கட்ட என் மனைவியின் வளையல் போயிற்று. ஆனால் நம்பர் திரும்பி வந்தது. விடுதிக்காரரும் திரும்பி வந்தார்.

இனி சொல்லப்போவது உங்களில் மூன்று பேருக்குத் தெரியும். அந்த ஆள்மேல் ஐந்து கடையும் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். நாம் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நம் பழைய கணக்கெல்லாம் அவர் கையில் இருந்தது; விற்றதைக் குறைத்துக் காட்டிய மாதங்கள் எல்லோருக்கும் இருந்தன. "பாக்கலாங்கக்கா" என்றேன் நான். அவர் என்னை வற்புறுத்தவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் போய்த் தன் பெயரில் மட்டும் கொடுத்துவிட்டு வந்தார்.

பதிலுக்கு அந்த ஆள், அக்கா அனுமதியில்லாமல் காசு வாங்கிக்கொண்டு பஜாருக்கே கணக்கு எழுதுகிறார் என்று வரி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு சனிக்கிழமை, சுற்றுலாக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், இரண்டு அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "யாருகிட்டயும் ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்லீங்க, வேணும்னா பக்கத்துல கேளுங்க" என்று அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து காபித்தூள் நிறுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னிடம் வரவில்லை, நானும் போகவில்லை. அக்காமேல் சொன்னது எதுவும் விசாரணையில் நிற்கவில்லை. ஆனால் அக்காவின் புகாரும், ஒருவருடைய வாக்குமூலம் மட்டும் போதாதென்று அப்படியே கிடந்துவிட்டது.

அதற்குப் பிறகும், கணக்குக் கொடுக்கக் கடைசி நாளான இருபதாம் தேதி மாதா மாதம் நெருங்கினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "செல்வம், போட்டுட்டீங்களா?" என்று குரல் வரும். போட்டுவிட்டேன் அக்கா என்பேன். அதற்கு மேல் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குச் சேலம் போக ஆரம்பித்தார். ஷாஹிதாவுக்குக் கோவையில் வேலை. ஒருநாள் துணைக்கு நான் போனேன். இடது கையில் ஊசி. வலது கையால் போனில் அந்த மாதத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்று சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு ஆபீசருங்க வந்தப்ப நான் வந்து சொல்லியிருக்கோணும்."

போனைக் கீழே வைத்தார். "வந்திருந்தா எனக்கு நொம்ப ஆறுதலா இருந்திருக்கும் செல்வம். நீங்க வரல" என்றார். பரவாயில்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. போனை மறுபடி எடுத்தபடி, "அந்தாளு இப்ப நாகலூர்ல கடைக்காரங்களைப் புடிச்சிருக்கானாம். பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் போய்விட்டார்.

சென்ற வாரம் ஷாஹிதா வந்து கடையைக் காலி செய்தாள். பதிவை முடிக்க என்னைத்தான் உதவிக்குக் கூப்பிட்டாள். முடிப்பதற்கான காரணம் என்ன என்று ஒரு பட்டியல் வந்தது. உரிமையாளர் மரணம் என்பதைத் தொடச் சொன்னேன். அவள் விரல் நகரவில்லை. "நீங்களே பண்ணிருங்க மாமா" என்றாள். நான் தொட்டேன். கடைசி மாதம் வரை எல்லாக் கணக்கும் அதனதன் தேதிக்குள் இருந்தது.

மறுநாள் சேலம் போய் அந்த ஆள்மேல் புகார் கொடுத்தேன். என்னிடம் வாங்கிய பணத்தையும், நான் குறைத்துக் காட்டிய மாதங்களையும் சேர்த்தே எழுதினேன். அதற்கு என்ன வருமோ தெரியாது. வாங்கிப் படித்த எழுத்தர் நிமிர்ந்து, "இத்தனை வருசம் கழிச்சு வர்றீங்களே, ஏனுங்க?" என்றார்.

"பயமா இருந்துதுங்க" என்றேன்.

"வேற யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

"ஒருத்தங்க இருந்தாங்க" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை என்று சொல்ல இரண்டு உண்டு. என் கடைக் கணக்கை நானே திறந்து பார்க்கத் தெரியும். அது அவர் கொடுத்தது. அந்தச் சனிக்கிழமை அவர் என் பக்கம் பார்த்த பார்வையும் இருக்கிறது. அதை அவர் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். உங்களில் மூன்று பேருக்கும் அதில் பங்கு உண்டு. புகார் விஷயமாக நாளைக் காலை மறுபடி சேலம் போகிறேன். முதல் பஸ்ஸில் உங்களுக்கும் இடம் இருக்கும்.