அக்கா வரைந்த தோள்கள்

என் அக்கா முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை நம்பித்தான் ஐம்பத்திரண்டு வயதில் படம் வரையப் பென்சில் எடுத்தாள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன, தோள் தொங்கிவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. காரில் கூட்டிப் போவது என் வேலை. அங்கே மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அக்காவுக்குச் சும்மா உட்கார வராது. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, எதிர் வரிசைக்காரர்களை வரைய ஆரம்பித்தாள்.

எனக்கு மானம் போயிற்று. “அக்கா, முன்னப்பின்ன தெரியாதவங்களை இப்படி முறைச்சுப் பார்த்தா அடி விழும்.”

“விழுந்தா இங்கயே கட்டுப் போட்டுக்கலாம். நீ கொஞ்சம் தள்ளு, மறைக்குது.”

வரைகிறாள் என்று தெரிந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி விறைத்தார்கள். தெரியாதவர்கள் மூக்கைப் பாதி வரையும்போதே எழுந்து போனார்கள். நோட்டு முழுக்க அரைகுறை முகங்கள். முழுசாக முடித்த படங்களிலோ பெரிய கோளாறு. ஒரு குண்டு மனிதர் தன் படத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, “நல்லா இருக்கு. யாரு, உங்க தம்பியா?” என்றார்.

கோளாறு எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. தொப்பையை மடிப்பில் மறைப்பது, இறங்கிய தோளுக்குப் பஞ்சு வைத்துச் சமன் செய்வது எல்லாம் அவள் தொழில். அத்தானின் சட்டைகளையும் இப்போது அப்படித்தான் தைக்கிறாள். அதையே காகிதத்திலும் செய்துகொண்டிருந்தாள். சொன்னேன். “உனக்கென்ன தெரியும்,” என்று ஒரே வெட்டு.

அவள் ஆசை அத்தானை வரைய வேண்டும் என்பதுதான். அவரோ நோய் வந்த நாள் முதல் கண்ணாடி பார்ப்பதில்லை. பேத்தி வீடியோவில் கூப்பிட்டால்கூட போனைத் திருப்பி வைத்துவிடுவார். அவரிடம் கேட்க அக்காவுக்குப் பயம். அதனால்தான் ஆறு மாதமாக ஊரையெல்லாம் வரைந்துகொண்டிருந்தாள், பாவம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது அவரே கேட்டார். “எல்லாரையும் வரையுற. என்னை எப்ப?”

அக்கா உடனே பென்சிலைச் சீவினாள். வரைந்து முடித்து நீட்டினாள். மூக்கும் மீசையும் அச்சு அசல் அவரேதான். தோள் இரண்டும் பலகை மாதிரி நேர். வாயும் நேர். அத்தான் வெகுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“இவன் போயி எட்டு மாசம் ஆச்சு,” என்றார். “உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனை வரை.”

அக்கா அழுதுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு புதுப் பக்கம் புரட்டினாள். வலது தோளைப் போட்டாள். இடது தோளுக்கு வந்ததும் பென்சில் நின்றது. பிறகு கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டாள்.

அத்தான் எட்டிப் பார்த்தார். “பத்தாது. இன்னும் கீழ.”

அழித்துவிட்டு இறக்கினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

இறக்கினாள்.

“ம், இதுதான் நான். வாயை நேராக்கிடாத,” என்று சொல்லிவிட்டு, அவள் முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.