தன்மை ஒருமையில் ஒரு பாவம்

நான் தமிழ் டீச்சர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். ஒற்று விட்டுப்போனால் போதும், என் சிவப்புப் பேனா தானாகவே வட்டம் போட்டுவிடும். கோயிலிலும் அப்படித்தான். எங்கள் போதகர் பிரசங்கத்தில் எழுவாயை ஒருமையில் ஆரம்பித்து வினையைப் பன்மையில் முடித்தால், முன்வரிசையில் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்குவேன். பாவம், அந்த மனிதர் என்னைப் பார்க்காமலே பிரசங்கம் செய்யப் பழகிக்கொண்டார். இப்பேர்ப்பட்ட என்னைத் தேவன் இலக்கணத்தை வைத்தே மடக்கிவிட்டார்! எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும், இன்னொரு தடவை சொல்லும்போது எனக்கு இப்பவும் படபடக்கிறது.

எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்காடு. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன். நாலு வருஷம் அலைந்து திரிந்து வளைகுடா நாட்டில் ஒரு வேலை பிடித்துப் போனான். அவன் விமானம் ஏறிய வாரமே அக்கா ஒரு கிடாய்க்குட்டியை ஊர் எல்லைச் சாமிக்கு நேர்ந்து விட்டார். மகன் நல்லபடியாக இருந்தால் திருவிழாவில் கிடா வெட்டுவதாக வேண்டுதல். நேர்ந்துவிட்ட கிடாயை எங்கள் பக்கம் யாரும் கட்டிப்போட மாட்டார்கள், அடித்து விரட்டவும் மாட்டார்கள். அது ஊருக்கே செல்லம். சிலுவை மாட்டிய என் வீட்டு வாசலுக்கும் உரிமையோடு வந்து நிற்கும். என் முருங்கைக் கீரையில் பாதி அதன் வயிற்றுக்குள்தான் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பேச்சு. தலைப்பு, உண்மை பேசுதல். சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் தாமதமாகிவிட்டதால் முந்திரிக்காட்டுக் குறுக்குப் பாதையில் ஸ்கூட்டியை விரட்டினேன். வளைவில் கிடா குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடிப்பதற்குள் மோதி, அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம். என் முழங்கால் தோல் உரிந்துவிட்டது. கிடா எழுந்தது, உடம்பை உதறியது, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நடந்து போனது. அதற்கு ஒன்றுமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, போய் முக்கால் மணி நேரம் உண்மையைப் பற்றிப் பேசினேன். ரொம்ப ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள்.

மறுநாள் காலையில் கிடா காட்டுக்குள் செத்துக் கிடந்தது. மேலே ஒரு காயம் இல்லை. உள்ளே அடிபட்டிருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா தலைவிரிகோலமாக என் வாசலுக்கு வந்தார். "டீச்சர், நேத்து நீங்க அந்தப் பாதையிலதான வந்தீங்க? கிடாயப் பாத்தீங்களா?"

"இல்ல அக்கா, கவனிக்கல."

அவ்வளவுதான். மூன்று சொல். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பொய்க்கு நான் காவல் காக்க வேண்டியதாகிவிட்டது. முழங்காலைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். குளியலறையில் வழுக்கிவிட்டேன் என்றேன். உடனே அவர் வீட்டுக்குப் போய் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துத் தடவிவிட்டார். கிடாயை இடித்தவள் காலுக்கு, கிடாயைப் பறிகொடுத்தவர் மருந்து போடுகிறார்! எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஆட்டோடு போயிருந்தால் சமாளித்திருப்பேனோ என்னவோ. அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "காயமில்லாம, நோயில்லாம செத்திருக்குன்னா, சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு டீச்சர். நான் என்ன பாவம் பண்ணுனேனோ. எம் மகனுக்கு ஏதோ வரப்போகுது." அன்றிலிருந்து அவர் சோற்றைத் தொடவில்லை. நீராகாரம் மட்டும். மணிக்கொரு தரம் மகனுக்கு வீடியோ கால். அவன் இருமினாலும் இங்கே இவருக்கு உயிர் போகும். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. அடுத்த சனிக்கிழமை என்னிடம் வந்து சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் போன் போட்டு, வேலைய விட்டுட்டு வந்துருடான்னு சொல்லப் போறேன். உசுரு இருந்தாப் போதும்."

பாவம் செய்தவள் நான். சுமக்கிறவர் அவர். அந்தப் பையனின் நாலு வருஷ அலைச்சல் என் மூன்று சொல்லால் வீணாகப் போகிறது. அன்று ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். தேவனே, அக்காவுக்கு ஆறுதல் கொடும் என்று ஜெபித்தேன். என் சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா!

மறுநாள் திருவிருந்து ஞாயிறு, சபையில் அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். வழக்கம்போல் முன்வரிசை. பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலில் நின்றோம். புண் காய்ந்தும் காயாமலும் இருந்த முழங்கால் சிமெண்டுத் தரையில் பட்டதும் சுரீர் என்றது. சபையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நாங்கள் தவறினோம், நாங்கள் வழி விலகினோம், நாங்கள், நாங்கள். திடீரென்று எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். தன்மைப் பன்மை! இத்தனை வருஷமாக இந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்திருக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக என் பாவமும் மன்னிக்கப்பட்டுவிடும், யார் செய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறேன்! அந்த வாக்கியத்தை ஒருமையில் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். "நான் பொய் சொன்னேன்." அடுத்த வரி வாயில் வரவில்லை.

எழுந்துவிட்டேன். அப்பம் பிட்கப்போகும் நேரத்தில், முன்வரிசையில் இருந்து, நொண்டிக்கொண்டே, நடு வழியில் நடந்து வெளியே வந்தேன். முதல் முறையாகப் போதகர் என்னை நேராகப் பார்த்தார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். அந்த இருபது நிமிஷமும் பயம்தான். ஆனாலும் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று வந்துகொண்டே இருந்தது. வழி நெடுக, "ஆண்டவரே, அவங்க போன எடுக்கக் கூடாது, போன எடுக்கக் கூடாது" என்று கத்திக்கொண்டே வந்தேன். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் என்ன நினைத்தாரோ.

அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, கையில் போனை வைத்திருந்தார். நான் வாசலில் இருந்தே மூச்சு வாங்கச் சொன்னேன். "அக்கா, கிடாய நாந்தான் இடிச்சேன். வண்டியில. பாக்கலைன்னு சொன்னது பொய். காலு வழுக்கி விழுந்ததும் பொய். நாந்தான்."

அக்கா என்னையே பார்த்தார். போன் கையிலிருந்து நழுவியது.

"அப்ப சாமி கோவிச்சுக்கலையா?"

"இல்லக்கா."

"அப்ப எம் மகனுக்கு ஒண்ணுமில்ல?" எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். "எம் மகனுக்கு ஒண்ணுமில்ல! எம் மகனுக்கு ஒண்ணுமில்ல!" அவரோடு சேர்ந்து நானும் சிரித்து அழுதேன். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"அடியே! ஒரு வாரமா என்னய உசுரோட சாவடிச்சிட்டியேடி! பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, நான் பட்டினி கெடக்குறதப் பாத்துக்கிட்டு, எண்ணெயும் தடவ வச்சுக்கிட்டு! நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. ஒரு இடத்திலும் வட்டம் போட முடியாது. அழுதுகொண்டே நின்றேன். திட்டித் தீர்ந்ததும் கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஒரு வாரமா இதையா நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்ச? ஐயோ, பாவமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொல் பல பொருள் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் நம் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவில்லை! பரலோகத்திலிருந்து பார்க்கிறவர் என் பாவத்தைப் பார்த்து இதையேதான் சொல்லியிருப்பார். கோபமும் பட்டுவிட்டு, தாடையையும் பிடித்துக்கொண்டு.

அக்கா தட்டை எடுத்துப் பழைய சோற்றைப் பிழிந்து வைத்தார். மோர் மிளகாயை வறுத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் உருண்டையை அவர் வாயில் போட்டு மென்று விழுங்கியதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். அடுத்த உருண்டையை என் பக்கம் நீட்டினார். வாங்கக் கை வரவில்லை.

"நான் என்னக்கா செஞ்சு ஈடு கட்டுறது? சொல்லுங்க, என்ன வேணாலும் செய்யுறேன்."

"ஈடா?" ஒட்டிய கன்னத்தோடு சிரித்தார். "அது ஒன்னால முடியாதுடி. இங்கிட்டு உக்காரு, சாப்பிடு."

கையை நீட்டினேன்.