2 − i என்று தொடங்கிய விடை

மார்க் போடுவதில் நான் கஞ்சன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முதல் வரி தப்பென்றால் மேற்கொண்டு படிக்க மாட்டேன். ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் பூஜ்யம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில் பிளஸ் டூ கணக்கு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு முதல் தடவையாகப் போனேன். அந்த வருஷம் பத்து மார்க் கேள்வி ஒன்றில் நாலாம் படிச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்து, ஒரு மூலம் 2 + i, மற்ற மூன்றையும் காண்க என்று கேட்டிருந்தார்கள். முகாமின் ஐந்தாம் நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் நான் தங்கியிருந்த வேங்கிக்காலுக்குப் போகிற பஸ் நகராது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே திருத்தினோம்.

கடைசி விடைத்தாள் கட்டில் ஒரு தாள். அந்தப் பிள்ளை ஒரு மூலம் 2 − i என்று எழுதித் தொடங்கியிருந்தது. கேள்வியைக்கூடப் பார்த்து எழுதத் தெரியவில்லையே என்று எரிச்சல் வந்தது. கோடு போட்டேன், பூஜ்யம் போட்டேன். கூட்டினால் அறுபத்து நான்கு. இருநூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் பாஸ். கட்டை முதன்மைத் தேர்வாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

எங்கள் அறையில் திருத்திய வாத்தியார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பொழுது போக வேண்டுமே என்று ஆரம்பித்தேன்.

"கொஸ்டினயே தப்பா காப்பி பண்றாங்க சார். 2 + i-னு குடுத்தா 2 − i-னு எழுதி வெச்சிருக்கு ஒண்ணு."

அவர் சிரிக்கவில்லை. "சரி, கடைசில என்ன விடை வந்துது?"

"அத யாரு பார்த்தா? ஜீரோ போட்டுட்டேன்."

"என்னா சார் நீங்க! கெழு எல்லாம் மெய்யெண்தானே? 2 + i மூலம்னா 2 − i-யும் மூலந்தான். எதுல ஆரம்பிச்சாலும் அதே x² − 4x + 5 தானே வரும்?"

வருஷா வருஷம் நானே கரும்பலகையில் எழுதிப்போடுகிற விஷயம். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மலையைச் சுற்றப் போகிற கூட்டம் எதிரே வர, எல்லோரையும் இடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தது. கட்டுக்கு அரக்கு வைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும்.

முதன்மைத் தேர்வாளர் அம்மா இன்னும் கட்டு கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"உக்காருங்க சார். மூச்சு வாங்குது பாருங்க. என்ன ஆச்சு?"

சொன்னேன். கட்டைப் பிரித்துத் தாளை என் முன்னால் வைத்தார். முதல் தடவையாக அந்த விடையைக் கடைசி வரை படித்தேன். 2 + i, 1 + i, 1 − i. மூன்றும் சரி. கீழே ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தது. தப்பாகப் பார்த்து எழுதியதற்கு ஒன்று குறைத்து ஒன்பது போட்டேன். எழுபத்து மூன்று. திருத்தத்துக்குப் பக்கத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

எழுந்தேன்.

"சார், இது ஒண்ணுதானா?"

எனக்கு உடனே புரியவில்லை. அன்றைக்கு நான் திருத்திய மற்றக் கட்டுகளையும் அவரே எடுத்து வந்தார். இரண்டு பேருமாகப் புரட்டினோம். இதே மாதிரி இன்னொரு தாள் கிடைத்தது. அதற்கும் பூஜ்யம் போட்டிருந்தேன். அதையும் திருத்தினோம்.

"நேத்து, முந்தாநேத்து பார்த்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சீல் வெச்சு அனுப்பிட்டோமே சார்."

நான்கு நாள் தாள்கள். அந்த அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தனக்கு வந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அரக்கைக் காய்ச்சத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ, முப்பதை நெருங்கிய யாராவது, "கணக்குலதான் சார் போயிடுச்சு, அதோட படிப்ப விட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், எந்த வருஷம் எழுதினீங்க என்று கேட்டுவிடுகிறேன். கேட்ட பிறகு, அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.