வீட்டில் பேசும் மொழி

அக்காவின் மகன் அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களில், ஒரு மறுப்புக் கடிதம் எழுதித் தரும்படி அக்கா என்னைக் கேட்டாள். வீட்டில் இப்படிப்பட்ட வேலைகள் என்னிடம்தான் வரும். நான் மைசூரில், ஹெப்பாளில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கோயிலுக்குப் போவதானாலும் எடுத்துக்கொள்ள வேண்டியதை எண் போட்டு எழுதிவைப்பவள்.

எதை மறுப்பது என்று சொல்லிவிடுகிறேன். அங்கே பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அக்காவின் கணவர், எனக்கு மாமா, தமிழும் கன்னடமும் என்று உள்ளதை எழுதிவிட்டார். இங்கிலீஷ் அல்லாத மொழி எதையாவது எழுதினால் பிள்ளைக்கு ஒரு தேர்வு வைப்பார்கள். பையன் அதில் தேறவில்லை. அதனால் வகுப்பு நடக்கும்போதே அவனைச் சிறிது நேரம் வேறு அறைக்கு அழைத்துப்போய், தனி ஆசிரியை இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார் என்று பள்ளி தெரிவித்தது. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.

மாலையில் நான் கம்பெனி பஸ்ஸில் சாமுண்டிபுரம் திரும்பும் நேரம் அங்கே காலை. பையனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு அக்கா என்னைக் கூப்பிடுவாள்.

“என் பையனுக்கு இங்கிலீஷ் வராதாம்டி. மைசூர்ல எல்கேஜியே இங்கிலீஷ் மீடியம். யூடியூப் பாத்துப் பாத்து அமெரிக்காக்காரன் மாதிரிப் பேசறான். டெஸ்ட் வெச்சுப் பெயில் பண்ணிட்டாங்க.”

“டெஸ்ட்ல என்னக்கா கேட்டாங்க?”

“என்னத்தக் கேட்டாங்களோ. இவன் வாயே தொறக்கலியாம்.”

“வாயே தொறக்கலன்னா எப்படிப் பாஸ் போடுவாங்க?”

“நீ யாரு கட்சிடி?”

பக்கத்து இருக்கைத் தோழி கன்னடக்காரி. எங்கள் தமிழ் பாதி புரியும். “யார் பெயில்? நீனா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் தமிழ் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எல்லோரும் மாமாவைத்தான் திட்டினார்கள். “இங்கிலீஷ்னு எழுத வேண்டியதுதானே, உங்க வீட்டுக்காரர் என்ன அவ்வளவு உத்தமரா?” என்று ஒருத்தி கேட்டாளாம். அந்தப் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறினால் பெரிய வகுப்புகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான பாடங்கள் கிடைக்காது என்று இன்னொருத்தி பயமுறுத்தியிருந்தாள்.

அக்கா மிகவும் தாமதமாகத்தான் வேறொன்றையும் சொன்னாள். பையன் சில நாள் பள்ளியில் கால்சட்டையை நனைத்துவிட்டு, அவர்கள் வைத்திருக்கும் மாற்று உடையில் வீட்டுக்கு வருகிறான். காலையில் பேருந்து ஏற மாட்டேன் என்று கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறான். வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

கடிதம் எழுதுமுன் படித்துப் பார்ப்பது என் வழக்கம். அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் வலைத்தளத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். பள்ளிகளின் வருமானத்தில் பெரும்பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. விலை கூடிய வீடுகள் இருக்கும் பகுதியின் பள்ளிகளுக்குக் கையில் தாராளம், மற்றவற்றுக்கு இழுபறி. அக்கா பையனின் பள்ளி இரண்டுக்கும் நடுவில். ஒரு பக்கம் எங்களைப் போன்ற கணினிக் குடும்பங்கள். இன்னொரு பக்கம் கோழி இறைச்சித் தொழிற்சாலையிலும் ஓட்டல்களிலும் வேலை செய்பவர்களின் வீடுகள். இங்கிலீஷ் ஆசிரியை ஒருவரே இரண்டு பள்ளிகளுக்குப் போய்வருகிறார். எந்தப் பள்ளியில் எத்தனை நாள் என்பது பட்டியலில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கிலீஷ் என்று எழுதிவிட்டால், விவரம் தெரியாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நாட்களும் குறையும். இதை அக்காவிடம் சொன்னேன்.

“அதுக்கோசரம் என் பையன அங்க உக்கார வெக்கணுமா?”

அது நியாயமான கேள்வி. எழுதுமுன் அந்த ஆசிரியையை ஒருமுறை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். “சரி பிடு,” என்றாள், சரி விடு என்பதைக் கன்னடத்தில்.

பள்ளி தொடங்குவதற்கு முன்பு நேரம் கொடுத்தார்கள். நான் ஆபீஸில் ஒரு சின்ன மீட்டிங் அறையில் உட்கார்ந்து வீடியோவில் சேர்ந்துகொண்டேன். அக்கா வகுப்பறையின் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். அவரும் அதேபோன்ற நாற்காலியில்தான் இருந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போனில் வருவார், கட்டணம் கிடையாது, பெற்றோருக்கு அது உரிமை என்றார். தேவையில்லை என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் போன் இணைந்துவிட்டது.

“வணக்கம். தங்கள் புதல்வனின் மொழித்திறன் குறித்து ஆசிரியை உரையாட விழைகிறார்.”

அக்கா திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “ஏண்டி, இவரு என்ன சொல்றாரு?”

“பையனப் பத்திப் பேசணுமாம்.”

“அத அப்படியே சொல்றது.”

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “சரிங்கம்மா, சாதாரணமாவே பேசுறேன். ட்ரெயினிங்ல இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்துட்டாங்க.”

ஆசிரியை பையனின் மதிப்பெண் பேச்சை எடுக்கவில்லை. தன் சுண்டு விரலை உயர்த்திக் காட்டினார். பையன் வகுப்பில் அடிக்கடி இப்படிச் செய்கிறான். வகுப்பு ஆசிரியை அதை விளையாட்டு என்று நினைத்துத் தன் சுண்டு விரலை அவன் விரலோடு கோத்துச் சிரித்திருக்கிறார், அங்கே பிள்ளைகள் சத்தியம் செய்வது அப்படித்தான். ஆனால் அவன் முகம் சிரிக்கவில்லை. “உங்கள் ஊரில் இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?” என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் எதையும் மொழிபெயர்க்காமல் “அடப் பாவமே” என்றார்.

மைசூர் எல்கேஜியில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் சுண்டு விரலைக் காட்ட வேண்டும். மிஸ் தலையசைத்தால் ஓடலாம். எங்களில் யாருக்கும் அதை அவனிடம் மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தோம் போல.

அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். “வெரலக் காட்டிக் காட்டிப் பாத்துட்டு, யாரும் விடலன்னு அப்படியே உக்காந்திருக்கான்டி.” துப்பட்டாவை இறக்கிவிட்டு, “நானும் அப்படித்தான உக்காந்திருந்தேன்,” என்றாள்.

இதை நான் விளக்க வேண்டும். நாங்கள் கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கும் ராமாபுரத்துக்காரர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். அக்கா ஒன்றாம் வகுப்பை முழுக்க வாய் திறக்காமல் கழித்தாள் என்று அம்மா சொல்வார். யாரும் தேர்வு வைக்கவில்லை, கடிதம் அனுப்பவில்லை. அது யாருக்கும் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. நான் பள்ளிக்குப் போகுமுன் தேவையான கன்னடச் சொற்களையெல்லாம் அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இடைவேளையில் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பாள். மிஸ் சொன்னது புரியாவிட்டால் அவளிடம் கேட்டுக்கொள்வேன். நான் நன்றாகப் படித்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் தொடக்கம் அவள்தான். அன்று மீட்டிங் அறையில் உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இங்கிலீஷிலேயே நேராகக் கேட்டாள்: இந்தப் பட்டியலில் இருந்தால் பின்னால் பெரிய பாடங்கள் கிடைக்காமல் போகுமா?

ஆசிரியை மழுப்பவில்லை. சில பள்ளிகளில் அப்படி நடக்கிறது என்றார். ஆண்டுதோறும் தேர்வு உண்டு, தேறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். தேறாமல் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வந்து கேட்க ஆளில்லாத பிள்ளைகள். “நீங்கள் வந்து கேளுங்கள். ஒவ்வொரு வருஷமும்,” என்றார்.

எண்ணிக்கை குறைந்தால் அவருடைய நாட்கள் குறையுமா என்று நான் கேட்டேன். “குறையும். ஆனால் அதற்காக உங்கள் பையனை அனுப்பும்படி கேட்க மாட்டேன். அவனுக்குத் தேவை என்பதால் கேட்கிறேன்.” அவர் அப்படிப் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

“இருக்கட்டும்டி,” என்றாள் அக்கா என்னிடம். “லெட்டர் வேண்டாம்.”

மறுப்புக்குப் பதிலாக நான் அன்று எழுதியது ஒரு நன்றி மின்னஞ்சல். ஒரே ஒரு தமிழ்ப் பையனுக்காக ஓர் அரசுப் பள்ளி எங்கிருந்தோ ஒரு தமிழரைப் போனில் வரவழைத்ததற்கு. கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு. குட்டி நாற்காலியில் தானும் உட்கார்ந்ததற்கு. மூன்றாவதை அனுப்புமுன் அழித்துவிட்டேன். இப்போது தோன்றுகிறது, விட்டிருக்கலாம்.

அக்கா அந்த வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினாள். உள்ளதை எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது என்றும் எழுதினாள். “இப்ப நீங்களும் உத்தமி ஆயிட்டீங்களா?” என்று பதில் வந்தது. ஒருத்தி மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தான் இங்கிலீஷ் என்று எழுதியதை இனி மாற்ற முடியுமா என்று கேட்டாளாம். மாற்றினாளா என்று தெரியவில்லை. நிர்வாகத்தில் பணத் தட்டுப்பாடு என்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆசிரியை எந்தப் பள்ளியில் எத்தனை நாள் இருப்பார் என்பதும் தெரியவில்லை. இந்த ஆண்டு அவர் அங்கே இருக்கிறார்.

போன வாரம் பஸ் ஹெப்பாளைத் தாண்டுவதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. எடுத்ததும் ஒரே கத்தல்.

“ஏண்டி, கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு! பாடம் நடக்கறப்ப பக்கத்துப் பையனோட ஓயாமப் பேசறானாம். வீட்ல சொல்லிவைங்கன்னு எழுதியிருக்காங்க.”

“சொன்னியா?”

“நான் எதுக்குடி சொல்லணும்?” என்றாள் அக்கா. “நல்லாப் பேசட்டும்.”