ஜனவரிப் பக்கங்கள்

யோம் சாரை ஊர்க் கூட்டத்தில் முதலில் திட்டியவள் நான்தான். அதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் என் முகத்துக்காகக் குறைத்துச் சொல்வார்கள்.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் உயிரியல் நடத்தியவர். குள்ளமான ஆள், சரியான கறார். எங்கள் சேற்றுக்கடலுக்கு நடுவே ஒரு பாறைத்திட்டு. கருமுகக் கரண்டிவாயன் என்ற வெள்ளைப் பறவைகள் வசந்தத்தில் வந்து அதில் கூடு கட்டும். பெரிய ஓதம் ஏறினால் முட்டைகள் கடலோடு போய்விடும். சார் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு படகு படகாகக் கல் ஏற்றிப்போய் அந்தத் திட்டை முழங்கால் உயரம் தூக்கினார். கூடு கட்டச் சுள்ளியும் பரப்பிவிட்டு வந்தார். ஆறு கூடாக இருந்தது நாற்பத்தேழு ஆனது.

சனிக்கிழமைதோறும் பறவைகளை எண்ணிவிட்டு என் கடைக்கு வருவார். நான் சேற்றில் பொறுக்கிய மட்டி போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம், தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் கிம்ச்சி இரண்டு தரம். குளிர்காலத்தில் கரண்டிவாயன்கள் தெற்கே போய்விடும். அப்போதும் அந்தப் பனிக்காற்றில் போய் நின்று, நோட்டில் பூஜ்ஜியம் போட்டுக் கையெழுத்தும் போடுவார்.

"இல்லாதத எண்ணுறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு தூரம் நடக்குறீங்க?" என்று சீண்டினேன் ஒருமுறை.

"இல்லாதப்ப இல்லேன்னு எழுதணும், தோங்-உக் அம்மா. அப்பதான் இருக்குன்னு எழுதுறத நம்புவாங்க."

தோங்-உக் என் ஒரே மகன். சாரின் செல்லப்பிள்ளை. கல் சுமந்தவர்களில் அவனும் உண்டு. இடுப்பு ஒடிய மட்டி பொறுக்கி அவனைப் படிக்கவைத்தேன். சியோலில், அணையோ தொழிற்சாலையோ கட்டுமுன் அந்த இடத்தை ஆய்வு செய்து அறிக்கை தரும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

பிறகு எங்கள் கடலையே அணை போட்டு அடைத்துத் தொழிற்பேட்டை கட்டப்போவதாகச் சொன்னார்கள். ஊர் மன்றத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரி திரையில் அறிக்கையைக் காட்டினார். அதில் ஒரு நோட்டுப் பக்கம்: கரண்டிவாயன் பூஜ்ஜியம், கூடு பூஜ்ஜியம். கீழே யோம் சாரின் கையெழுத்து. அன்று காலையில்தான் தோங்-உக் போனில் சொல்லியிருந்தான், சாரே ஒத்துக்கொண்டுவிட்டார், அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, நீயும் நஷ்டஈட்டை வாங்கிக்கொள் என்று.

இது உங்கள் எழுத்துதானா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றார் சார். எண்கள் பொய்யா என்று கேட்டார். பொய்யில்லை, ஆனால் அது குளிர்காலம், என்று சார் ஆரம்பித்தார். அதற்குள் நான் எழுந்து, எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாயே என்று கத்தினேன். மட்டி பொறுக்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"மத்த நோட்டெல்லாம் ஒருத்தர்கிட்ட இருக்கு," என்றார் சார்.

"யாருகிட்ட? பேரச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

சார் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு, வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாரே விலைபோன பிறகு இனி யாரை நம்பி எதிர்ப்பது? நஷ்டஈட்டுக்கான சம்மதப் பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. என்னைப் பார்த்து நாற்பது பெண்கள் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சார் கடைக்கு வந்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினேன். திரும்பிப் போனார்.

இரண்டு வருடத்தில் கடல் அடைபட்டது. மட்டி இல்லை, கடையையும் மூடினேன். சாமான்களை ஒழித்தபோது பரணில் ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. பழைய பாடப்புத்தகம் என்று தோங்-உக் போட்டுவிட்டுப் போனது. உள்ளே நீல நோட்டுகள். ஏப்ரல், மே, ஜூன், வருட வாரியாக. சாரின் எழுத்தில் நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

கூட்டம் நடந்த நாளில் இவை என் தலைக்கு மேலேதான் இருந்திருக்கின்றன.

போனில் அழைத்தேன். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"நான் எங்கம்மா பொய் எழுதினேன்? சார் குடுத்த நோட்டுல ஜனவரிப் பக்கத்த மட்டும் அறிக்கையில போட்டேன். ஜனவரியில பறவ இல்லதானே?"

பெற்ற தாயின் பரணையே ஒளித்துவைக்கத் தேர்ந்தெடுத்திருக்கிறான். என்னை இதைவிடக் கேவலமாக யாரும் ஏமாற்றியதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"என் மகன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"உங்க முன்னாடி எப்படிச் சொல்றது? நீங்க என்னைப் பேச விட்டிருந்தா, அவன் பேரு இல்லாமலே சொல்லி முடிச்சிருப்பேன்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. எனக்கு இனி இது எதுக்கு?"

கதவு சாத்திக்கொண்டது.