உப்புச் சாரல்

சுற்றுலா வந்த தீவில், மலையிலிருந்து நேராகக் கடலுக்குள் விழும் நீர்வீழ்ச்சியின் சாரல் உதட்டில் பட்டதும் உப்புக் கரித்தது. உடனே மலைநாட்டில் எங்கள் அம்பிட்டிய வீட்டின் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது.

தங்கச்சி ரிஹானாவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடப் போட்டிக்கு அவள் வரைந்த படத்தில் நீர்வீழ்ச்சி கடலில் விழுந்தது. அடுப்படியில் உம்மா கோப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வீடெங்கும் நிறைந்திருந்தது. நான் படத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

"மலை இங்க, கடல் கொழும்புல. எப்பிடிப் புள்ள கடல்ல விழும்?"

பிளேன்டீயோடு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்த வாப்பா, வழக்கம்போல நிமிர்ந்தும் பார்க்காமல், "ராத்தா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். மூத்தவளின் சொல் அவருக்குப் போதும்.

அழிறப்பரால் அந்தக் கடலை நானே தேய்த்தேன். தாள் கிழிந்தது. அவள் அழவில்லை, பென்சில் பெட்டியை மூடினாள். அதன்பிறகு அவள் எதையும் வரைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பேராதனையில் இருக்கும் அவளுக்கு நீர்வீழ்ச்சியைப் படமெடுத்து அனுப்பினேன். "நீதான் சரி, நான் பிழை" என்றும் எழுதினேன்.

சற்று நேரத்தில் பதில் வந்தது: "ராத்தா, அந்தக் கடல்ல ஒரு வள்ளமும் இருந்த. வள்ளத்துல நீங்களும் நானும் இருந்த."